பக்கச்சுவரில் எழுதியிருப்பது

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஈக்காட்டுத்தாங்கலில் நூறடி ரோட்டை ஒட்டிய சந்தில், என் காரின் முன்சக்கரத்துக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, டயரின் பக்கச்சுவரை விரலால் தடவிப் படித்துக்கொண்டிருந்தேன். 205/45 ஆர்17 84வி. அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். முந்தின இரவு கத்திப்பாராவைத் தாண்டி வரும்போது தண்ணீருக்குள் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. பின் சீட்டில் அம்மா, அப்பா, என் மகள். ‘டொம்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வீடு வந்து சேர்ந்துவிட்டோம். அன்று காலை நாங்கள் விழுப்புரம் கிளம்புவதாக இருந்தது. வீக்கத்தைப் பார்க்காமல் பைபாஸில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோது கை கொஞ்சம் நடுங்கியது.

வண்டி பழைய ஸ்விஃப்ட். கம்பெனி கொடுத்தது 165/80 ஆர்14. கறுப்பு நிறத்தில் பதினேழு இன்ச் அலாய் போட்டால் எப்படி இருக்கும் என்று ஆறு மாதம் கனவு கண்டு, ஒரு கடையில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. பத்து வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கணக்குப் பார்த்துத்தான் போட்டேன். அகலத்தை விகிதத்தால் பெருக்கினால் பக்கச்சுவரின் உயரம். அதை இரண்டால் பெருக்கி, ரிம் விட்டத்தைக் கூட்டினால் டயரின் முழு விட்டம். பழசு 619.6 மில்லிமீட்டர், புதுசு 616.3. அரை சதவீதம்தான் வித்தியாசம். “மீட்டர் எல்லாம் கரெக்டா காட்டும் சார்” என்றார் கடைக்காரர். அவர் சொன்னதிலும் தப்பில்லை, என் ஸ்கிரிப்ட்டிலும் தப்பில்லை. டெஸ்ட் எல்லாம் பாஸ். புரொடக்‌ஷனில் மட்டும் வெடிக்கப் பார்த்தது.

அந்த வீக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சின்னக் கேள்வி வந்தது. 205 என்பது மில்லிமீட்டர். 45 என்பது சதவீதம். 17 என்பது இன்ச். ஒரே வரியில் மூன்று அளவுமுறை. எந்த மடையன் இந்த ஃபார்மட்டை டிசைன் பண்ணினான்?

யாரும் பண்ணவில்லை. ஒருவர் மேல் ஒருவராக ஒட்டிக்கொண்டே போனதில் வந்தது இது.

காற்றடைத்த டயரை முதலில் காப்புரிமை செய்தவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர், 1845இல். அப்போது அதை மாட்ட ஆளில்லை. 1888இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவரான ஜான் பாய்ட் டன்லப் அதைத் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக மறுபடி கண்டுபிடித்தார். பிறகு கார் வந்தது. டயரின் குறுக்குவெட்டு கிட்டத்தட்ட வட்டமாக இருந்த காலம் அது. எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு உயரம். அதனால் இரண்டு எண்கள் போதும், இரண்டுமே இன்ச்.

அப்பாவிடம் கேட்டால் இப்போதும் தூக்கத்தில் சொல்வார்: “அஞ்சு தொண்ணூறு பதினஞ்சு.” அம்பாசிடர் டயரின் அளவு. 5.90 இன்ச் அகலம், 15 இன்ச் ரிம். இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர். அந்த 15ஐ மாற்றலாம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மாற்றுவது என்றால் அவர் அகராதியில் மேலே இருக்கிற பட்டன் மட்டும்தான். தேய்ந்ததும் ரீட்ரெட் கடையில் கொடுத்துப் புதுப் பட்டன் போட்டுக்கொண்டு வருவார். நம் ஊர் டயர் சரித்திரமே அங்கேதான் தொடங்குகிறது என்று சொல்லலாம். 1946இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் குழந்தைகள் ஊதும் பலூன் செய்துகொண்டிருந்த கே.எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952இல் ரீட்ரெடுக்கான ரப்பருக்கு மாறினார். முழு டயர் வந்தது 1961இல், அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்ட் கம்பெனியின் கூட்டில். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்ஆர்எஃப். பலூன், பட்டன், டயர் என்கிற அந்த வரிசை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு இடைச்செருகல். டிக்கியில் கிடக்கும் உபரி சக்கரத்தை நாம் ‘ஸ்டெப்னி’ என்கிறோமே, அது வேல்ஸில் லனெல்லி என்கிற ஊரில் ஒரு தெருவின் பெயர். 1904இல் அந்தத் தெருவில் டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் விற்கத் தொடங்கினார்கள். இங்கிலீஷ்காரர்களே அந்த வார்த்தையை மறந்துவிட்டார்கள். நம் பஞ்சர் கடையில் அது உயிரோடு இருக்கிறது.

சரி, மில்லிமீட்டர் எங்கே நுழைந்தது? பிரான்ஸில். மிஷ்லின் கம்பெனி 1946இல் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கி, 1949இல் விற்க ஆரம்பித்தது. பழைய டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராகப் போகும், மேலே எஃகுப் பட்டை சுற்றிவரும். ‘ஆர்’ என்ற எழுத்து அதைத்தான் சொல்கிறது. மெட்ரிக் நாட்டுக்காரர்கள் இல்லையா, அகலத்தோடு ரிம்மையும் மில்லிமீட்டரிலேயே வைத்தார்கள். 1955இல் வந்த சித்ரோயன் டிஎஸ் காரின் டயர் 165-400. நானூறு மில்லிமீட்டர் ரிம். ஆனால் உலகம் முழுக்க ரிம் தொழிற்சாலைகளின் அச்சுகள் இன்ச்சில் இருந்தன. டயரை மாற்றுவது சுலபம், அச்சை மாற்றுவது கஷ்டம். எனவே மில்லிமீட்டர் டயர் இன்ச் ரிம்மோடு சமரசம் செய்துகொண்டது. மிஷ்லின் விடவில்லை. 1975இல் டிஆர்எக்ஸ் என்று மறுபடி மில்லிமீட்டர் ரிம் கொண்டுவந்தார்கள். ஃபோர்டு மஸ்டாங் 1979இல் அதன் 390 மில்லிமீட்டர் ரிம்மைக்கூட எடுத்துக்கொண்டது. நிலைக்கவில்லை. இன்று அந்த வண்டி வைத்திருப்பவர்கள் டயர் தேடி அலைகிறார்கள். டெக்னிக்கலாகச் சரியானது, பேக்வர்டு கம்பாட்டிபிலிட்டி இல்லாததால் செத்துப்போனது. நம் தொழிலில் இதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்!

நடுவில் இருக்கும் சதவீதம்தான் கடைசியில் சேர்ந்தது. 165 ஆர்14 என்று மட்டும் எழுதினால் விகிதம் சுமார் 80, 82 என்று புரிந்துகொள்ள வேண்டும். சொல்லாமல் விட்ட டீஃபால்ட் மதிப்பு. ரேஸ்காரர்களுக்கு அது போதவில்லை. பெரிய பிரேக் வைக்கப் பெரிய ரிம் வேண்டும். வளைவில் டயர் நெளியக்கூடாது என்றால் குட்டையான பக்கச்சுவர் வேண்டும். எழுபதுகளின் நடுவில் லான்சியா ஸ்ட்ராடோஸ் என்கிற ராலி காருக்காக பிரெல்லி கம்பெனி பி7 டயரைச் செய்தது. அது அப்படியே தெருவுக்கு வந்து போர்ஷே 911 டர்போவில் 205/50 ஆர்15 ஆகப் பின்சக்கரங்களைவிடக் குறுகிய முன்சக்கரமாக உட்கார்ந்தது. நான் கனவு கண்ட அந்தக் கறுப்பு ரிம்மின் கொள்ளுத்தாத்தா அதுதான். ஐரோப்பாவின் வழவழப்பான மலைச்சாலைக்குப் பிறந்த வடிவத்தை நான் கத்திப்பாராவுக்குக் கூட்டிவந்திருக்கிறேன்.

வேக எழுத்திலும் இதே கதை. எஸ் என்றால் 180 கிலோமீட்டர், டி 190, யூ 200, அடுத்து திடீரென்று ஹெச் 210, அப்புறம் வி 240. முதலில் எஸ், ஹெச், வி என்று மூன்றே எழுத்துகள் இருந்தன. பிற்பாடு இடைவெளியை நிரப்பியவர்கள் பழசைத் தொடப் பயந்து ஹெச்சை அங்கேயே விட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்று ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சிரிக்க முடியாதது 84. அது சுமை எண். 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும். பழைய பதினாலு இன்ச் டயரில் 85, அதாவது 515 கிலோ. பார்க்க அகலமாக, கம்பீரமாக இருக்கிற டயர் தாங்கும் எடை குறைவு! காற்றுதான் சுமையைத் தாங்குகிறது, ரப்பர் அல்ல. பக்கச்சுவர் குட்டையானால் உள்ளே காற்றுக்கு இடம் குறையும். இதே அளவில் ‘எக்ஸ்எல்’ என்று வலுவூட்டிய டயர் கிடைக்கிறது, அதில் 88 இருக்கும், ஆனால் காற்றழுத்தமும் கூடுதலாக வைக்க வேண்டும். கடையில் அதை நான் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை.

பதினைந்து கிலோவினால் மட்டும் அந்த வீக்கம் வந்ததாகச் சொல்ல மாட்டேன். என் ஸ்கிரிப்ட் முழு விட்டத்தைக் கணக்குப்போட்டு, அதற்கு வழியில் கிடைத்த ஒரு எண்ணை வீசியெறிந்துவிட்டது. பழைய பக்கச்சுவரின் உயரம் 132 மில்லிமீட்டர். புதியது 92. நாலு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கிறது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் சுவர் நசுங்கி, உள்ளே ஓடும் நூல்கள் அறுந்துவிட்டன. நூல் இல்லாத இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளுகிறது. இதற்குப் பஞ்சர் போட முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். தாங்கல் என்றால் மழைநீர் தேங்கும் சின்ன ஏரி. பேரிலேயே ஏரி இருக்கிற ஊரில், 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த ஊரில், தண்ணீருக்குக் கீழே பள்ளம் இருக்கும் என்று எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா என்ன.

அப்பா வெளியே வந்தார். குனிந்து பார்த்தார்.

“என்னடா, அம்மைக் கொப்புளம் மாதிரி இருக்கு?”

“ரோடு சரியில்லப்பா.”

“ரோடு என்னிக்குடா சரியா இருந்துச்சு? அஞ்சு தொண்ணூறு போட்டு இதே ரோட்டுல நான் ஓட்டலையா?”

பதில் இல்லை. விழுப்புரம் பயணம் ரத்து. ஸ்டெப்னியை எடுத்து மாட்டினோம். அது கம்பெனி கொடுத்த பழைய பதினாலு இன்ச். மூன்று கறுப்பு அலாய்க்கு நடுவே ஒரு இரும்புச் சக்கரம் பொக்கைப்பல் மாதிரித் தெரிந்தது.

அடுத்த வாரம் வேறொரு கடைக்குப் போனேன். ஸ்விஃப்ட்டின் மேல்மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவு 185/65 ஆர்15. விட்டம் 621.5, பக்கச்சுவர் 120. சுமை எண் 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16 போட்டாலும் விட்டம் 620.9தான், சுமை எண் 87. அதில் ஒரு கணம் மனசு சபலப்பட்டது உண்மை. சுவர் 107 என்று கணக்கு வந்ததும் அடங்கிவிட்டேன். ரிம்மின் நாலு போல்ட் துளைகளும் நூறு மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கிறதா, நடு ஓட்டை 54.1 தானா, ரிம் வெளியே எவ்வளவு துருத்துகிறது என்று வரிசையாகக் கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி டயர் கம்பெனியா?”

“இல்லண்ணே, சாஃப்ட்வேர்.”

டயரை மாட்டியதும் அப்பா வந்து கட்டைவிரலால் பட்டனை அழுத்திப் பார்த்தார். பிறகு பின் கதவைத் திறந்து உட்கார்ந்து, ரெண்டு தடவை குலுங்கிப் பார்த்துவிட்டு, “விழுப்புரம் எப்போ?” என்றார்.