ஆயா சம்பளத்துக்கு வரிச்சலுகை உண்டா?

காரைக்காலில் பிரான்ஸ் உறவுள்ள வீடுகளில் இந்தப் பேச்சு வரும்: ‘அங்கே குழந்தையைப் பார்த்துக்கிற ஆயாவுக்கு வவுச்சர்லயே சம்பளம் கொடுக்கலாமே!’

உண்மைதான். 2006 முதல் அங்கே ‘செசு’ வவுச்சர் இருக்கிறது. கம்பெனி தரும் பங்குக்கு குறிப்பிட்ட வரம்புவரை வரியில்லை.

நம்ம ஊரில்? அப்படி ஒரு வவுச்சரே கிடையாது. ஆயா சம்பளத்தைக் காட்டி வரியும் குறைக்க முடியாது. ஆனால், இந்த இரண்டையும் விட்டுடாதீங்க.

ப்ளே ஸ்கூல்: பழைய வரி முறையில் இரண்டு குழந்தைகளின் கல்விக் கட்டணத்தை, மற்ற சேமிப்புகளோடு சேர்த்து 1.5 லட்சம் ரூபாய்வரை கழிக்கலாம். டொனேஷன் சேராது. ரசீது முக்கியம்.

ஆபீஸ் காப்பகம்: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால், குழந்தைகள் காப்பக வசதி கட்டாயம். தினமும் 4 முறை அம்மா போய்ப் பார்க்கலாம். 2017 சட்டத் திருத்தத்தில் கிடைத்த உரிமை இது. ஹெச்.ஆரிடம் தயங்காமல் கேளுங்க!