நீங்கள் கூப்பிட்டது ஒருவரை... பதில் தந்தது வேறொருவரா?

சி மொழியில் ஒரு நிரல் எழுதுகிறீர்கள். நினைவகம் தேவை என்றால் 'மேலாக்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுவீர்கள். அதை நீங்கள் எழுதவில்லை. கணினியில் ஏற்கெனவே இருக்கும் லைப்ரரி ஒன்றிலிருந்து அது வருகிறது.

அந்த அழைப்பை நடுவில் யாராவது மறித்தால்?

எப்படி மறிக்க முடியும்?

லினக்ஸில் பெரும்பாலான நிரல்கள் ஃபங்ஷனின் பெயரை மட்டுமே வைத்திருக்கும். நிரல் தொடங்கும்போது 'டைனமிக் லிங்கர்' லைப்ரரிகளை வரிசையாகத் தேடும். அந்தப் பெயரில் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும்.

'எல்டி_பிரீலோட்' என்ற அமைப்பில் உங்கள் லைப்ரரியைக் குறிப்பிட்டால் அது வரிசையில் முந்திக்கொள்ளும். அதிலும் 'மேலாக்' இருந்தால் அழைப்பு உங்களிடம்தான் வரும். எத்தனை பைட் கேட்டார்கள் என்று குறித்துக்கொண்டு, 'டிஎல்சிம்' மூலம் அசல் 'மேலாக்'கைக் கண்டுபிடித்து அதனிடம் அனுப்பலாம். மூல நிரலைத் தொடவே வேண்டாம்!

ஒரு எச்சரிக்கை: குறித்துக்கொள்ள 'பிரின்ட்எஃப்' போடாதீங்க. அதுவும் 'மேலாக்'கைக் கூப்பிடலாம். அப்புறம் முடிவே இல்லாத சுற்றுதான்!

இதனால் என்ன பயன்?

நினைவகம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்கலாம். நிரலிடம் வேறு தேதியைச் சொல்லி, அது எப்படி நடந்துகொள்கிறது என்றும் சோதிக்கலாம்.

ஆபத்து உண்டா?

உண்டு. 2024இல் 'எக்ஸ்இசட்' மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ரகசியக் கதவு ஒன்று வைக்கப்பட்டது. அதில் பயன்பட்டது வேறொரு வழி. ஆனால் தந்திரம் இதேதான்: தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் 'எஸ்எஸ்எச்' சேவை, சாவியைச் சரிபார்க்கக் கூப்பிடும் ஃபங்ஷனை அது மறித்தது. குறிப்பிட்ட ரகசியச் சாவி வைத்திருப்பவர் உள்ளே புகுந்து கட்டளையிடலாம்.

மாட்டியது எப்படி? உள்நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக ஆனது. பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் 'ஏன்?' என்று தோண்டினார். மார்ச் 29ஆம் தேதி உலகுக்குச் சொன்னார். பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளோடு ஆபத்து நின்றது.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் நிரல் எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறது என்று 'எல்டிடி' கட்டளை காட்டும். ஆனால் சந்தேகத்துக்குரிய நிரலில் அதை ஓட்டாதீர்கள். அந்த நிரலே இயங்கிவிடக்கூடும்.

பெயர் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான் என்று கணினி நம்பிவிடும். நீங்கள் நம்பிவிடாதீர்கள்!