ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் குடும்ப இடர் முன்னேற்பாடு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் குடும்ப இடர் முன்னேற்பாடு என்பது, காஞ்சிபுரம் மாவட்டத்தின் இத்தொழில் பகுதியில் வாழும் குடும்பங்கள் வெள்ளம், புயல், சாலை விபத்து, நோய், வேலையிழப்பு ஆகியவற்றுக்கு எதிராகக் குறைந்த செலவில் செய்துகொள்ளும் ஏற்பாடுகளைக் குறிக்கும். இங்குள்ளோரில் பெரும்பகுதியினர் வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஷிப்ட் முறையில் வேலைக்குப் போகிறவர்கள், பலர் ஒப்பந்த ஊழியர்கள். மாதக்கணக்கில் பொருளை வாங்கி அடுக்க வீட்டில் இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை. அதனால் ஆவணம், பதிவான முகவரி, தொடர்பு ஏற்பாடு, சிறு காப்பீடு ஆகியவையே இவ்வட்டார முன்னேற்பாட்டில் முதலிடம் பெறுகின்றன.

வட்டாரமும் மக்களும்

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையையும், சிங்கபெருமாள்கோவில், வண்டலூர், வாலாஜாபாத் ஆகிய ஊர்களை இணைக்கும் சாலைகளையும் ஒட்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், ஒரகடம், வல்லம்–வடகால் சிப்காட் பூங்காக்கள் அமைந்துள்ளன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010இலும் டெய்ம்லர் லாரி ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. கைபேசி, மின்னணுப் பொருள் ஆலைகளில் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் மிகுதி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் மாநிலத் தொழிலாளரும் ஏராளம்.

வல்லம்–வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்துவைக்கப்பட்டது. மற்றவர்களில் பெரும்பாலோர் விடுதிகளிலும், லைன் வீடுகளிலும், பலர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறைகளிலும் வசிக்கின்றனர்.

இடர்களின் வரலாறு

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நீர்வளத் துறையின் பொறுப்பில் மட்டும் 381 ஏரிகள் உள்ளன. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிரம்பினால் கலங்கல் வழியே வழியும் நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேரும். ஒரகடம், படப்பை, மணிமங்கலம் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்கிருந்து உபரி நீர் திறக்கும்போது சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை ஆகிய ஊர்களுக்கு முதலில் எச்சரிக்கை விடப்படுகிறது. ஆலைகள் பெரும்பாலும் இவ்வேரிக்கு மேற்புறம் இருக்க, அங்கே வேலை செய்வோரில் பலர் கீழ்ப்புற ஊர்களில் குடியிருக்கின்றனர். வேலை செய்யும் இடத்தில் தரை காய்ந்திருக்கும்போதே வீட்டுக்குள் நீர் புகலாம்.

2015 டிசம்பர் 1 தொடங்கி ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ., தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டது. முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற பகுதிகளில் வீடுகள் மூழ்கின, கார் ஆலைகள் உற்பத்தியை நிறுத்தின. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலால் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை மீண்டும் வெள்ளத்தைக் கொண்டுவந்தது.

இயற்கைச் சீற்றம் தவிர்ந்த இடர்களும் இங்கு உண்டு. கம்பெனி பேருந்து, கன்டெய்னர் லாரி, இருசக்கர வாகனம் மூன்றும் ஒரே சாலையில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நெருக்குவதால் விபத்து அன்றாட ஆபத்தாக உள்ளது. ஸ்ரீபெரும்புதூரில் இருந்த நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியபோது ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் பாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர் 150 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தோழிகளின் நிலை பற்றிச் சரியான தகவல் கிடைக்காமல் வதந்தி பரவவே, பெண்கள் நெடுஞ்சாலையில் மறியலில் அமர்ந்தனர்.

வீட்டுக்குள் செய்பவை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. ஜூலை முதல் ஒவ்வொரு மாதச் சம்பளத்திலும் ஓரிரு பொருளாக வாங்கினால், செப்டம்பர் முடிவதற்குள் பெருஞ்சுமையின்றி ஏற்பாடு முடிந்துவிடும்.

தண்ணீர்: குடிக்கவும் எளிய சமையலுக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று கொண்டால், நால்வருக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர் வேண்டும். இரண்டு 20 லிட்டர் கேன் இதற்குப் போதும். மாடித் தொட்டிக்கு நீரேற்ற மோட்டார் ஓட வேண்டும் என்பதால், மின்சாரம் நின்றால் குழாய் நீரும் நிற்கும். மழை எச்சரிக்கை வந்ததும் குடம், வாளி அனைத்தையும் நிரப்பிக்கொள்வது செலவில்லாத வழி. ஐயமான நீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிட்டு ஆற வைத்துக் குடிக்க வேண்டும்.

உணவு: அவல், பொட்டுக்கடலை, வேர்க்கடலை, வெல்லம், சத்துமாவு, பிஸ்கட் ஆகியவை அடுப்பின்றி உண்ணத்தக்கவை. மாதாமாதம் பழையதை உண்டு புதியதை வைத்தால் எதுவும் வீணாகாது. தனி அறைகளில் பரவலான மின் அடுப்பு, மின்தடையில் பயன்படாது. முகவரிச் சான்று இல்லாமலும் கிடைக்கும் 5 கிலோ சமையல் எரிவாயு உருளை அதற்கு மாற்று.

மருந்து: தொடர்ந்து உண்ணும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் உதவும். பொட்டலம் இல்லாவிடில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம்.

மின்சாரமும் வண்டியும்: டார்ச்சும் பவர் பேங்கும் மெழுகுவர்த்தியைவிடப் பாதுகாப்பானவை. வீட்டுக்குள் நீர் ஏறும் அறிகுறி தெரிந்ததும், தரை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரி தரையில் இருந்தால் மேலே தூக்கி வைக்க வேண்டும். நீரில் மூழ்கிய வண்டியை மெக்கானிக் பார்க்கும் முன் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் கெடும்.

பாம்பு: மழைக்குப் பின் வீட்டுக்குள் பாம்பு வருவது வழக்கம். கடித்தால் கட்டுப் போடுவதும், கீறி இரத்தம் எடுப்பதும் தீங்கு. கடிபட்டவரை நடக்கவிடாமல், நஞ்சுமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே சிகிச்சை.

ஆவணங்கள்

வெள்ளத்தில் முதலில் கெடுவது காகிதம். 2015க்குப் பின் இழந்த சான்றிதழ்களின் நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், கல்விச் சான்றிதழ், ஊதியச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் இட்டு உயரத்தில் வைப்பதும், டிஜிலாக்கரில் சேர்ப்பதும், படமெடுத்து ஊரிலுள்ள ஒருவருக்கு அனுப்பிவைப்பதும் வழக்கமான ஏற்பாடுகள்.

முகவரிக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. மிக்ஜாம் நிவாரணமான 6,000 ரூபாய், பாதித்த பகுதிகளின் ரேஷன் கடைகள் வழியே குடும்ப அட்டையை அடிப்படையாகக் கொண்டு ரொக்கமாக வழங்கப்பட்டது. குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் வைத்துக்கொண்டு இங்கே வாடகைக்கு இருப்பவர் தாம் பாதிக்கப்பட்டதைத் தனியே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என ஏதேனும் ஒன்றிலாவது தற்போதைய முகவரி பதிவாகியிருப்பது அப்போது கைகொடுக்கும்.

பணமும் காப்பீடும்

முதல் இலக்கு ஒரு மாத வாடகையும் ஊருக்குப் போகும் பேருந்துக் கட்டணமும் கைவசம் இருப்பது. அஞ்சலகத் தொடர்வைப்பை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயில் ஒரு பங்கை ஒதுக்கும் வீடுகளும் உண்டு. புயல் நாளில் ஏடிஎம்மும் யுபிஐயும் முடங்கக்கூடும் என்பதால் சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கம் தேவை.

ஆலைத் தொழிலாளர் பலருக்கு ஏற்கெனவே உள்ள காப்பீட்டின் அளவே தெரிவதில்லை. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளோர் இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டின் வரம்புக்குள் வருவர். தொழிலாளியின் பங்கு ஊதியத்தில் 0.75 விழுக்காடு. தகுதி பெற்றவர் நோயுற்றால் ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பெறலாம். பணிக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும், வேலையோடு அதன் தொடர்பு உறுதியானால், பணி விபத்தாகவே கருதப்படும். குடும்பத்தார் பெயர்களைப் பதிவு செய்திருந்தால்தான் அவர்களுக்கும் சிகிச்சை கிடைக்கும்.

வருங்கால வைப்பு நிதி உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் வாரிசுக்கு 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இதற்குத் தொழிலாளியிடம் பிடித்தம் இல்லை. திருமணத்துக்கு முன் கொடுத்த வாரிசு நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும் என்பதால் புதிதாகப் பதிய வேண்டும். வங்கிகள் வழியே ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் கிடைக்கின்றன. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கப்பட்டது. எந்த மாநிலத்தவரும் இதில் அடங்குவர்.

ஷிப்ட் வீட்டின் தொடர்பு ஏற்பாடு

பல ஆலைகளில் உற்பத்திப் பகுதிக்குள் கைபேசி கொண்டுபோக அனுமதியில்லை. வீட்டில் அவசரம் என்றால் கம்பெனியின் டைம் ஆபீஸ் அல்லது செக்யூரிட்டி கேட் எண்ணே வழி. அந்த எண், பணியாளர் எண், உற்பத்தி லைன் பெயர், பேருந்துத் தடம் ஆகியவை எழுதிய தாள் வீட்டுச் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளியிலிருந்து குழந்தையை யார் அழைத்துவருவது, இரவு ஷிப்ட் நாளில் எந்தப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்வது என்பதை முன்பே பேசி முடிவு செய்வது நல்லது. உள்ளூர் அழைப்பு கிடைக்காதபோது வெளியூர் உறவினர் ஒருவரைப் பொதுத் தொடர்பாளராக வைத்து எல்லோரும் அவருக்குச் செய்தி சொல்வது எளிய முறை. 2021இல் பாக்ஸ்கான் பெண்களிடையே பரவியது போன்ற வதந்திக்கும் இதுவே தடுப்பு.

வெளிமாநிலத் தொழிலாளர், ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தால் தகுதியான தம் மாநில அட்டையைக் கொண்டு இங்கே உணவு தானியம் பெறலாம். எச்சரிக்கை தமிழில் மட்டும் ஒலிபரப்பாகும் இடங்களில், மொழி தெரிந்த அறைத்தோழர் ஒருவரை முன்பே அடையாளம் கண்டுவைப்பது தேவை.

எச்சரிக்கையும் அழைப்பெண்களும்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் ஆயத்தத்துக்கும் உடனடி நடவடிக்கைக்கும் உரியவை. 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் பெய்வது அதி கனமழை. அழைப்பெண்கள்: பொது அவசரம் 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, எரிவாயுக் கசிவு 1906.

குடும்ப முயற்சியின் எல்லை

ஏரியின் நீர்வழியில் எழுந்த வீட்டை எந்தப் பையும் பொட்டலமும் காக்காது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் 2015இல் தெருவில் எவ்வளவு நீர் நின்றது என்று நெடுநாள் குடியிருப்போரிடம் கேட்பதும், முடிந்தால் மாடி வீட்டைத் தேர்வதும் இவ்வட்டாரத்தில் மிக மலிவான முன்னேற்பாடு. நிலம் வாங்குவோர், சர்வே எண்ணைக் கொண்டு அது புறம்போக்கா என்பதை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் பார்க்கலாம். வரத்துக்கால்வாய்களைத் தூர்வாருவது, ஆக்கிரமிப்பை அகற்றுவது, விடுதிகளின் உணவையும் நீரையும் சோதிப்பது ஆகியவை அரசும் ஆலை நிர்வாகமும் செய்ய வேண்டியவை. குடும்பத்தின் ஆயத்தம் அவற்றுக்கு ஈடாகாது.