ஒரே ஒரு டைட்டன்

கல்குவாரிப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஜல்லி ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பி வருகிற டிப்பர் லாரியைப் பார்த்தாலே நாம் சாலையை விட்டு இறங்கி வரப்பில் நின்றுவிடுவோம். அதன் முதலாளிக்கும் டிரைவருக்கும் நம்மேல் ஒரு கோபமும் இல்லை, ஆனாலும் நின்றுவிடுவோம். இந்த வாரம் நான் சொல்லப்போகிற லாரிக்கு அப்படி யாரும் ஒதுங்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஏனென்றால், ஆயுசு முழுக்க அது பொதுச் சாலையில் ஓடியதே கிடையாது. ஓடினால் சாலை தாங்காது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்பார்வுட் என்று ஒரு சின்ன நிலக்கரி ஊர். அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சைப் பெயின்ட் அடித்து நிற்கிறது டெரெக்ஸ் 33-19. செல்லப் பெயர் டைட்டன். 1973-ல் பிறந்தது. சும்மா நிற்கும்போதே எடை 235 டன்னுக்கு மேல். அதன் முதுகில் இன்னும் 317 டன் ஏற்றலாம். நம்ம ஊர் பத்து டன் லாரியில் முப்பது லோடுக்கு மேல் ஒரே நடையில்! பத்து டயர், ஒவ்வொன்றும் பதினோரு அடிக்குக் குறையாது. லோடைக் கொட்ட பெட்டியைத் தூக்கினால் அதன் உச்சி 56 அடி. ஐந்து மாடிக் கட்டடம் எழுந்து நிற்பது மாதிரி. அந்தப் பெட்டிக்குள் இரண்டு பஸ்ஸையும் இரண்டு பிக்கப் வண்டியையும் நிறுத்தலாம் என்று அந்த ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

இத்தனை பெரிய வண்டியை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள். ஏன் இரண்டாவது வரவில்லை? அதைத் தெரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1930-களின் தொடக்கம் வரை சுரங்கத்துக்கென்று தனியாக லாரி கிடையாது என்றே சொல்லலாம். ரோட்டில் ஓடுகிற லாரியையே கொஞ்சம் கெட்டிப்படுத்தி உள்ளே இறக்கினார்கள். பாறை விழுந்து பெட்டி நசுங்கும், ஆக்ஸில் உடையும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிரேன் செய்துகொண்டிருந்த யூக்ளிட் கம்பெனி 1934-ல் வேறு மாதிரி யோசித்தது. ரோட்டைப் பற்றிய கவலையே இல்லாமல், குழிக்குள் ஓடுவதற்கென்றே ஒரு லாரி! ஏற்றியது என்னவோ பத்துப் பதினோரு டன்தான். ஆனால், அந்த வம்சத்தில் வந்ததுதான் டைட்டன்.

நடுவில் ஒரு கோர்ட் கேஸ் இருக்கிறது. 1953-ல் ஜெனரல் மோட்டார்ஸ் யூக்ளிடை வாங்கியது. ஏற்கெனவே ராட்சதக் கம்பெனி, இதையும் விழுங்கினால் போட்டியே இருக்காதே என்று 1959-ல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. ஒன்பது வருஷம் இழுத்து, 1968-ல் யூக்ளிடை விற்றாக வேண்டியதாயிற்று. பேரும் போச்சு. அதோடு, நாலு வருஷத்துக்கு அமெரிக்காவில் இந்த வகை லாரி செய்யக் கூடாது என்றும் நிபந்தனை. மிச்சமிருந்த மண்வாரி இயந்திரங்களுக்குப் புதுப் பேர் தேடியபோது கிடைத்ததுதான் டெரெக்ஸ். லத்தீனில் டெரா என்றால் நிலம், ரெக்ஸ் என்றால் ராஜா. மண்ணுக்கு ராஜா!

இந்தப் பேர் நமக்கும் அந்நியமில்லை. அம்பாசிடர் கார் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், டெரெக்ஸோடு கைகோத்து நம்ம திருவள்ளூரில் மண்வாரி இயந்திரங்கள் செய்தது. 2001-ல் அந்தத் தொழிற்சாலையை கேட்டர்பில்லர் வாங்கிக்கொண்டது. இந்த கேட்டர்பில்லரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

தடைக்காலம் முடிந்த மறுவருஷமே டைட்டன் தயாராகிவிட்டது. கட்டிய இடம் கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள லண்டன் நகரம். அங்கே ஜெனரல் மோட்டார்ஸுக்கு டீசல் ரயில் எஞ்சின் செய்கிற தொழிற்சாலை இருந்தது. அதனால் லாரிக்குள் ரயில் எஞ்சினையே தூக்கி வைத்துவிட்டார்கள். 3,300 குதிரை சக்தி, 16 சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரும் பத்தரை லிட்டர். பழைய அம்பாசிடரின் முழு எஞ்சினைப் போல ஏழு மடங்கு! இவ்வளவு சக்தியை கியர் பாக்ஸ் வழியாக அனுப்ப அன்றைக்கு யாருக்கும் தைரியம் இல்லை. எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும், பின்சக்கரங்களில் இருக்கிற நாலு மோட்டார்கள் வண்டியைத் தள்ளும். நம்ம டீசல் ரயில் ஓடுகிற அதே வித்தைதான், தண்டவாளம் மட்டும் இல்லை.

1974-ல் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்துவிட்டு, கலிஃபோர்னியாவின் ஈகிள் மவுன்டன் இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனது. 1978-ல் பிரித்து, எட்டு ரயில் வேகன்களில் ஏற்றி ஸ்பார்வுட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே 1991 வரை உழைத்தது. ஆக, வண்டி ஓடாமல் தோற்கவில்லை.

பின் என்ன? சுரங்கத்தில் லாரி தனியாள் இல்லை. மண் அள்ளிப் போடுகிற ஷவல் நாலைந்து தடவை கொட்டினால் லாரி நிரம்ப வேண்டும். பத்துப் பதினைந்து தடவை என்றால் லாரி காத்துக் கிடக்கும். லாரி பெருத்தால் ஷவல் பெருக்க வேண்டும், சாலை அகல வேண்டும், ஒர்க்‌ஷாப் கதவு உயர வேண்டும். இரண்டு லாரியில் ஒன்று ரிப்பேரானால் பாதி வேலை நடக்கும். இரண்டு லாரி வேலையை ஒன்றே பார்த்து, அது படுத்துவிட்டால்? அதுவும் ஜோடியே இல்லாத வண்டி. ஒரு பாகம் போனால் பக்கத்து வண்டியிலிருந்து கழற்றி மாட்டக்கூட முடியாது. அதை அத்தனை வருஷம் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகளுக்குத்தான் நான் முதல் சலாம் போடுவேன்.

அடுத்த வில்லன் டயர். பாரமும் வேகமும் சேரச் சேர ரப்பர் உள்ளுக்குள் கொதிக்கும். அளவு தாண்டினால் பிளந்துவிடும். அன்றைய டயர்கள் ஆறை வைத்து இந்தப் பாரத்தைத் தூக்க முடியாது. அதனால்தான் பத்து டயர், மூன்று ஆக்ஸில். திரும்புவதும் சிரமம், செலவும் கூடுதல். இதற்கிடையில் இப்படிப்பட்ட லாரிகளுக்கான சந்தையும் படுத்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் டெரெக்ஸையே ஒரு ஜெர்மன் கம்பெனிக்கு விற்றார்கள். வாங்கிய கம்பெனி 1983-ல் திவால். இந்த நிலைமையில் இரண்டாவது டைட்டனை யார் கேட்பார்கள், யார் கட்டுவார்கள்!

இருந்தும் உலகத்தின் மிகப் பெரிய லாரி என்ற பட்டம் கால் நூற்றாண்டு அதனிடமே இருந்தது. 1998-ல் அதைப் பறித்தது, மேலே சொன்ன கேட்டர்பில்லரின் 797. ஏறக்குறைய அதே பாரம், ஆனால் ஆறே டயர். 63 அங்குல ரிம்முக்கான ரேடியல் டயர் அதற்குள் வந்துவிட்டது. மோட்டார்கூட வேண்டாம் என்று கியர் பாக்ஸையே வைத்தார்கள். அது ஒன்றோடு நிற்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரிசையாக வெளியே வந்தது. 2013-ல் பெலாரஸ் நாட்டின் பெலாஸ் 75710 வந்து 450 டன் தூக்கியது, இதையெல்லாம் தாண்டிவிட்டது.

ஸ்பார்வுட்காரர்கள் டைட்டனைக் காயலான் கடைக்கு அனுப்பவில்லை. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து 1993-ல் சாலையோரம் நிறுத்தினார்கள். டயர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். பானெட்டைத் திறந்து அந்தப் பதினாறு சிலிண்டரைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் ஏமாற்றம்தான். எஞ்சினை எப்போதோ கழற்றிவிட்டார்கள்.