பேராதனை வாசலும் மடுல்கெல்லைப் பிள்ளைகளும்

மடுல்கெல்லையிலிருந்து பேராதனைக்கு இரண்டு பஸ் மாறினால் போய்விடலாம். பன்வில, வத்தேகம வழியாகக் கண்டிக்கு ஒன்று, கண்டியிலிருந்து பேராதனைக்கு மற்றொன்று. ஆனால் எமது பகுதிப் பிள்ளையொன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்குள் மாணவனாக நுழைவதற்கான பாதை அவ்வளவு சுருக்கமானதல்ல. கடந்த நூறாண்டுகளில் அந்த வாசலின் பூட்டு பல தடவை மாற்றப்பட்டது. ஒவ்வொரு தடவையும் புதிய சாவி யார் கைக்குப் போனது என்று பார்ப்பது, கண்டி மாவட்ட முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை விளங்கிக்கொள்ள உதவும்.

ஆங்கிலம் சாவியாக இருந்த காலம்

1921 இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அது தன் பெயரில் பட்டம் வழங்கவில்லை; லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்துக்கு மாணவரைத் தயார்படுத்தியது. எனவே ஆங்கிலப் பாடசாலைக்குப் போகாதவருக்கு அங்கே இடமில்லை. அன்று ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மிஷனரிமாரின் கையில் இருந்தன. மார்க்கம் போய்விடுமோ என்ற பயத்தில் எமது முன்னோரில் பலர் பிள்ளைகளை அனுப்பவில்லை. இந்த ஆபத்தை முன்னரே கண்டவர் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை. 1882 இல் அவர் தொடங்கிய 'முஸ்லிம் நேசன்' இதற்காகவே ஓயாமல் வாதாடியது. 1892 இல் வாப்பிச்சி மரைக்கார் போன்றோருடன் சேர்ந்து அவர் மருதானையில் ஊன்றிய விதைதான் ஸாஹிராக் கல்லூரி. பல்கலைக்கழகக் கல்லூரி பிறந்த அதே 1921 இல் ஸாஹிராவின் அதிபராகப் பொறுப்பேற்றவர் ரீ.பீ. ஜாயா. அவரும் எமது மாவட்டத்தவர், கலகெதரையில் பிறந்தவர்.

1929 இல் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், 1933 இல் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்று, பின்னர் இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிமானார். தாம் ஏறிய ஏணியைப் பிறருக்கும் வைக்க வேண்டுமென்று நினைத்தவர் அவர். 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவானபோது அதில் இருந்த மாணவர் தொகை 904 மட்டுமே. அந்தச் சிறு கூட்டத்தில் முஸ்லிம்கள் எத்தனை பேராக இருக்க முடியும்? திறமை இருந்தும் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைகளுக்காக 1945 இல் அஸீஸ் முன்னின்று இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை நிறுவினார். பேராதனை வளாகம் 1952 இல் இயங்கத் தொடங்கியது. பல்கலைக்கழகம் கண்டிக்கே வந்துவிட்டது. ஆனால் மொழி இன்னும் ஆங்கிலம்தான். இருந்தும் அக்காலத்தில் மாவட்டத்தின் கிராமமொன்று செய்த காரியத்தை மறக்க முடியாது. கலாநிதி ம.மு. உவைஸ் இப்பல்கலைக்கழகத்தின் முதுமாணிப் பட்டத்துக்காக, தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணி பற்றி எழுதிய ஆய்வை 1953 இல் நூலாக்கியது, எஸ்.எம். ஹனிபாவின் கல்ஹின்னைத் தமிழ் மன்றம்.

தரப்படுத்தலும் எமது சங்கடமும்

1960 அளவில் கலைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படத் தொடங்கின. ஆங்கிலம் என்ற பூட்டு தளர்ந்தது. வாசலில் கூட்டம் பெருகியது. இடங்கள் அதற்கேற்பப் பெருகவில்லை. விஞ்ஞான பீடங்களில் நெருக்கடி கடுமையானது. 1971 இல் மொழிமூல அடிப்படையில் வேறுவேறான வெட்டுப்புள்ளிகள் வந்தன. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளி போதும். தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 வேண்டும். மருத்துவத்துக்கு 229, 250. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல், 1974 இல் மாவட்டக் கோட்டா என்று அது விரிந்தது.

அப்போது கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூத். கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து எமது மாவட்டத்தில் ஒரு கல்விப் பரம்பரையை உருவாக்கியவர் அவர். முஸ்லிம் பாடசாலைகளுக்கும் ஆசிரிய நியமனங்களுக்கும் அவர் செய்தவற்றை நன்றியோடு நினைக்கிறோம். அதே அமைச்சரின் காலத்தில்தான் தமிழ் மாணவர் நெஞ்சில் ஆறாத காயமும் உண்டானது. இதைப் பேசும்போது நம்மில் பலர் ஒன்றை விட்டுவிடுகிறார்கள்: 250 என்ற வேலி தமிழருக்கு மட்டும் போடப்படவில்லை; தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதிய முஸ்லிம் பிள்ளைக்கும் அதே வேலிதான். மறுபக்கம், மாவட்டக் கோட்டா வந்தபோது கிழக்கின் முஸ்லிம் ஊர்களிலிருந்தும், அதுவரை பல்கலைக்கழகத்தைக் கண்டிராத பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒரே கொள்கை ஒருவருக்கு அநீதியாகவும் இன்னொருவருக்கு வாய்ப்பாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான வரலாறு.

ஒரே மாவட்டம், இரண்டு உலகம்

1977 ஆட்சி மாற்றத்தின் பின் மொழிவாரித் தரப்படுத்தல் நீங்கியது. மாவட்டம் என்ற அளவுகோல் மட்டும் நிலைத்துவிட்டது. 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு உருவானது. சதவீதங்கள் பலமுறை மாறி, இன்று பெரும்பாலான கற்கை நெறிகளுக்கு நடைமுறையில் இருப்பது இதுதான்: 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்ற பங்கு, 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவையென அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகம்.

அந்தப் பதினாறில் நுவரெலியா உண்டு, பதுளை உண்டு, கண்டி இல்லை. கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைகளை நினைத்தால் இது நியாயம்தான். ஆனால் நக்கிள்ஸ் மலையடியில் தேயிலைக்கு நடுவே இருக்கும் மடுல்கெல்லையும் கண்டி மாவட்டம்தான். எமது பிள்ளைக்கு விஞ்ஞானம் படிக்க ஆசை வந்தால், ஆய்வுகூடமும் பாட ஆசிரியரும் தேடி மலையிறங்க வேண்டும். பரீட்சை முடிந்ததும் அதே பிள்ளை, கண்டி நகரத்தில் டியூஷனுக்கு மேல் டியூஷன் போன பிள்ளையோடு ஒரே வெட்டுப்புள்ளிக்கு நிற்கிறது. எம்மோடு படிக்கும் தோட்டத்துப் பிள்ளையின் நிலையும் இதுவே. நுவரெலியாவில் இருக்கும் அவனுடைய மச்சானுக்கு மேலதிக ஒதுக்கீடு உண்டு, இவனுக்கு இல்லை. அளவுகோல் மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது. மாவட்டத்துக்குள் இருக்கும் பள்ளத்தை அது காண்பதில்லை.

இசட் புள்ளி 2001 முதல் வந்தது. பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்பது அது. கடினமான பாடத்தை எடுத்தவர் நட்டப்படக் கூடாது என்பது நோக்கம். 2011 பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவரை ஒன்றாகச் சேர்த்துக் கணித்ததால் குழப்பம் வந்து, மறு ஆண்டு உயர் நீதிமன்றம் அந்தப் பெறுபேற்றுக் கணிப்பை இரத்துச் செய்தது. மூன்று பாடமும் சித்தியெய்தித் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிறது. அந்த நிலையில் தசமத்துக்குப் பின்னால் நான்காவது இலக்கமும் ஒரு பிள்ளையின் எதிர்காலம்.

இன்றைய சாவி

அன்று ஆங்கிலம் எப்படியோ, இன்று விண்ணப்பம் பற்றிய அறிவு அப்படி. பெறுபேறு வந்தபின் ஆணைக்குழுவின் கைந்நூலைப் படித்து, கற்கை நெறியும் பல்கலைக்கழகமும் சேர்ந்த ஒவ்வொரு குறியீட்டையும் விருப்ப ஒழுங்கில் இணையத்தில் நிரப்ப வேண்டும். நகரத்தில் இதற்கு மூத்த நானாவோ தாத்தாவோ இருப்பார்கள். எமது ஊரில் பல வீடுகளில் விண்ணப்பிக்கும் பிள்ளைதான் முதல் ஆள்.

எனது மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், பெரிய கோஸை முதலாவதாப் போட்டு அது கெடைக்காட்டி, மத்ததும் இல்லாமப் போயிடுமோ?" இந்தப் பயத்தால் ஆசைப்பட்டதைக் கீழே தள்ளி, 'நிச்சயம் கிடைக்கும்' என்று நினைப்பதை மேலே போடும் பிள்ளைகள் நிறையப் பேர். உண்மை வேறு. விருப்ப ஒழுங்கின் மேலிருந்து கீழே பார்த்து, புள்ளி எட்டும் முதல் இடத்தையே தருவார்கள். மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கீழே உள்ளதற்கான உரிமை போகாது. ஆனால் மேலே போட்ட சிறியது கிடைத்துவிட்டால், கீழே போட்ட பெரியதை யாரும் பார்க்கமாட்டார்கள். மாவட்டத்தைத் தீர்மானிப்பதும் இப்படித்தான்: பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் பிள்ளை எங்குள்ள பாடசாலையில் படித்தது என்பதைப் பார்க்கிறார்கள். கடைசி நேரத்தில் பெரியம்மா வீட்டு விலாசத்தைப் போடுவதால் ஒன்றும் மாறாது.

எனது கருத்து இரண்டு. முஸ்லிம்களுக்கெனத் தனிக்கோட்டா கேட்பது சரியான வழியல்ல. 1970களின் காயத்தைக் கண்ட நாடு இது. கேட்க வேண்டியது, பின்தங்கிய நிலையை மாவட்டமாக அல்லாமல் பிரதேச செயலகப் பிரிவாகவோ கல்வி வலயமாகவோ அளக்கும் முறையை. அது பன்வில பிரிவின் சிங்களப் பிள்ளைக்கும் தோட்டத்துப் பிள்ளைக்கும் சேர்த்தே கிடைக்கும் நீதி. இரண்டாவது, கொள்கை மாறும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. அஸீஸின் காலத்தில் தேவைப்பட்டது பணம். இன்று அதோடு வழிகாட்டலும் தேவை. உயர்தரப் பெறுபேறு வரும் வாரத்தில் ஒவ்வொரு ஜமாஅத்தும் பள்ளிவாசல் மண்டபத்தில் ஒரு கணினியையும், பல்கலைக்கழகம் சென்ற இரண்டு பேரையும், கைந்நூலின் சில பிரதிகளையும் வைத்தால் போதும். வருகிற பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை, எந்த மதம் என்று கேட்க வேண்டியதில்லை.