டார்பன் விடுதியின் செதில்கள்

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கடற்கரையில், மஸ்டாங் தீவின் வடமுனையில், போர்ட் அரான்சஸ் என்றொரு சிற்றூர். அங்கே 1886ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட டார்பன் இன் என்னும் மர விடுதி ஒன்று உண்டு. 1919ஆம் ஆண்டின் பெரும்புயலுக்குப் பின், 1920களில் மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடமே இன்று நிற்பது. அதன் முகப்புக் கூடத்துச் சுவர்களை மூடியிருப்பவை மீன் செதில்கள். ஏழாயிரத்துக்கும் அதிகமானவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவு. பிடித்தவரின் பெயர், ஊர், தேதி, மீனின் நீளம் ஆகியவற்றை மையால் எழுதி அறைந்திருக்கிறார்கள். கோயில் குழல்விளக்கின் ஒளியை மறைத்து 'உபயம்' எழுதும் நம்மவருக்கு இந்த ஆசை புரியாததல்ல. அவற்றுள் ஒன்றில் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் கையெழுத்து இருக்கிறது.

செதிலில் கையெழுத்திட்டவர்கள் விருந்தினர்கள். அவர்களை மீனிடம் அழைத்துச் சென்றவர்களைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறோம். நெய்தல் நிலத்து மனிதனை மீன் பிடிப்பவனாகவே நம் மரபு அறிந்திருக்கிறது. இன்னொருவன் மீன் பிடிக்கத் தான் துணைபோய், அதற்குக் கூலி பெறும் ஒருவனை நமக்கு அவ்வளவாகத் தெரியாது.

இந்தத் தொழில் ஏன் இங்கே வேர்பிடித்தது என்பதற்கு நிலமே விடை. டெக்சாஸ் கரையை ஒட்டி நீண்ட மணல் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. தீவுகளுக்கும் கரைக்கும் இடையே ஆழமற்ற காயல்கள். காயலும் மெக்சிகோ வளைகுடாவும் நீர் பரிமாறிக்கொள்ளத் தீவுகளுக்கு நடுவே சில வாய்கள் மட்டுமே உண்டு. அவற்றுள் ஒன்று அரான்சஸ் கால்வாய். மணல் ஓயாமல் இடம் மாறி வாயைத் தூர்த்துக்கொண்டிருந்ததால், கப்பல்களுக்காக 1880களிலிருந்து இங்கே அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டத் தொடங்கினார்கள். பல முயற்சிகள் தோற்று, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே இரண்டு நீண்ட கற்சுவர்கள் நிலைபெற்றன. 1926இல் கார்பஸ் கிறிஸ்டி துறைமுகம் திறக்கப்பட்டது இந்த வாயின் வழியேதான்.

கப்பலுக்கெனக் கட்டியது மீனுக்கும் வீடாயிற்று. பாறை இடுக்குகளில் பாசியும் நண்டும் சேர்ந்தன. காயலிலிருந்து இறாலும் மடவையும் இந்தக் குறுகிய வழியாகவே வெளியேற வேண்டும். பெருமீன்கள் சுவரோரம் காத்திருந்தால் போதும். கடலரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டி நாம் கட்டும் சுவருக்குத் தமிழில் 'தூண்டில் வளைவு' என்று பெயர். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். அரான்சஸ் கால்வாயில் அது பொருளாலும் பொருந்திவிடுகிறது.

அப்படிக் காத்திருந்தவற்றுள் முதன்மையானது டார்பன். ஆளுயரம் வளரும், வெள்ளித் தகடுகளைப் போர்த்தியது போன்ற மீன். காற்றுப்பையால் நேரடியாகவும் சுவாசிக்க வல்லது; அதனால் அவ்வப்போது மேலே வந்து புரண்டு காற்றை விழுங்கிச் செல்லும். இந்த இனத்தில் உலகில் இரண்டே வகைகள் உண்டு. அவற்றுள் சிறியது நம் வங்கக்கடல் கழிமுகங்களிலும் வாழ்கிறது. பெரியது அட்லாண்டிக்கிற்குரியது. முள் மிகுந்ததென்று அமெரிக்கர்கள் அதை உண்பதில்லை. 1885இல் ஃபுளோரிடாவில் டபிள்யூ. எச். வுட் என்ற நியூயார்க்காரர் கோலும் சுருளும் கொண்டு ஒரு டார்பனைப் பிடித்த செய்தி பரவியதும், செல்வர்களிடையே அது ஒரு பித்தாயிற்று. போர்ட் அரான்சஸுக்கு 1911 வரை 'டார்பன்' என்பதே ஊர்ப்பெயராக இருந்தது என்றால் அந்தப் பித்தின் அளவை ஊகிக்கலாம்.

ஆனால் வெளியூர்ச் செல்வருக்குக் கடல் எங்கும் ஒன்றுபோல்தான் தெரியும். இந்தக் கரையில் ஓதம் ஓரிரு அடிக்கு மேல் ஏறி இறங்குவதில்லை. காற்றே காயலின் நீரைத் தள்ளுவதிலும் இழுப்பதிலும் பெரும்பங்கு வகிக்கிறது. வடகாற்று வீசினால் காயல் வடியும். தென்கிழக்குக் காற்று நின்று வீசினால் நிறையும். நம் மீனவர் 'நீவாடு' என்பார்களே, அந்த நீரோட்டம் சுவரின் எந்தப் பக்கம், எந்தப் பொழுதில் திரும்பும் என்பதை அறிந்தவனே வழிகாட்டி. விசைப்படகு பரவுமுன் அவன் துடுப்பு வலித்தே விருந்தினரைக் கொண்டுசென்றான். தூண்டிலில் சிக்கிய மீன் இழுக்கும் திசைக்கெல்லாம் படகைத் திருப்புவதும் அவன் கைதான். டார்பனின் வாய் எலும்பாலானது; முள் எளிதில் ஏறாது. மீன் நீரைவிட்டுத் துள்ளும் கணத்தில் கோலைத் தாழ்த்தி நரம்பைத் தளர்த்தாவிட்டால், நரம்பு அறும் அல்லது முள் கழன்றுவிடும். வங்கி முதலாளிக்கும் எண்ணெய்க்கிணற்று அதிபருக்கும் தலைதாழ்த்தச் சொல்லிக்கொடுத்தவன் நாட்கூலிக்கு வந்த படகோட்டி.

அவர்களுள் பெயர் நின்றவர் பார்னி ஃபார்லி. 1910இல் இவ்வூருக்கு வந்தவர். ஃபார்லி குடும்பத்தார் நிறுவிய படகுப்பட்டறை, கால்வாயின் குறுக்கலைகளைத் தாங்கவும் டார்பனோடு போராடவும் ஏற்ற மரப்படகுகளைச் செய்து புகழ்பெற்றது. 1937 மே மாதம், உச்சநீதிமன்ற நீதிபதிகளின் எண்ணிக்கையை உயர்த்தும் தம் திட்டத்தால் வாஷிங்டனில் கடும் எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருந்த ரூஸ்வெல்ட், பொட்டோமாக் என்ற அரசுப் படகில் இங்கே வந்து சேர்ந்தார். ஃபார்லியின் வழிகாட்டலில் அவர் பிடித்த டார்பனின் செதிலே விடுதியில் இருப்பது. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்த மனிதர், தோளின் வலுவை மட்டும் நம்பி அந்த மீனோடு போராடினார். அந்தப் படத்தை மனத்திலிருந்து எளிதில் அகற்ற முடிவதில்லை.

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்குள் டார்பன் இந்தக் கரையிலிருந்து ஏறக்குறைய மறைந்துபோயிற்று. ஏன் என்பதற்கு ஒற்றை விடை இல்லை. ஆறுகளில் அணைகள் எழுந்தன. நூயெசஸ் ஆற்றின் வெஸ்லி சீல் அணை 1958இல் முடிந்தது. காயலுக்கு வரும் நன்னீர் குறைந்தது. பூச்சிக்கொல்லிகள் வயலிலிருந்து நீருக்கு வந்தன. இவற்றோடு சுவரிலிருக்கும் செதில்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது எங்கள் எண்ணம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய, இனம் பெருக்கும் பருவத்தை அடையவே பத்தாண்டு எடுத்துக்கொள்ளும் மீன் அது. உண்பதற்கன்றி, நிறுத்துப் பார்க்கவும் படம் பிடிக்கவுமே அது கொல்லப்பட்டது. 1932இல் 'டார்பன் ரோடியோ' என்று தொடங்கிய ஊர்ப்போட்டி, பின்னர் 'ஆழ்கடல் போட்டி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் சூட்டிய மீன் வராதபோது வேறென்ன செய்வது!

வழிகாட்டிகள் காயலுக்குள் திரும்பினார்கள். அங்கே செம்மீன் என்று சொல்லத்தக்க ரெட்ஃபிஷ் இருந்தது (தகழியின் செம்மீனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது நம் கத்தாழையின் குடும்பம்). ஆனால் அது வலைக்காரர்களின் சந்தை மீனும்கூட. 1977இல் ஹூஸ்டனில் தூண்டில்காரர்கள் ஒரு சங்கம் கண்டார்கள். மீன் குறைவதற்கு வலைகளே காரணம் என்று அது வாதாடியது. 1981இல் டெக்சாஸ் சட்டமன்றம் தன் நீரில் பிடிபட்ட ரெட்ஃபிஷையும் புள்ளி டிரவுட்டையும் விற்பதைத் தடைசெய்தது. 1988இல் செவுள்வலைகளும் தடைசெய்யப்பட்டன. இதனிடையே, போர்ட் அரான்சஸில் 1941இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கடலாய்வு நிலையம், ஒளியையும் வெப்பத்தையும் மாற்றி ரெட்ஃபிஷைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்யும் வழியை 1970களில் கண்டறிந்திருந்தது. அதைக் கொண்டு குஞ்சு பொரிப்பகங்கள் எழுந்தன. மீன் மீண்டது.

இந்த மீட்சியைக் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆயினும் இதற்குள் நடந்த கைமாற்றம் கவனத்திற்குரியது. அதே காயல், அதே மீன். அதைப் பிடித்து விற்பது குற்றம். அதைப் பிடிக்க அழைத்துச் செல்வது தொழில். வலைக்காரனும் வழிகாட்டியும் நீரைப் படிக்கும் விதத்தில் வேறுபட்டவர்கள் அல்லர். ஒருவனுடைய அறிவுக்கு வாங்குவோர் இருந்தார்கள், மற்றவனுடையது சட்டத்தின் எதிர்ப்பக்கத்தில் நின்றுவிட்டது. மீனைக் காக்க யாரோ இழந்தாக வேண்டியிருந்தது என்பது சரியே. ஆனால் அந்த இழப்பு வலைக்காரக் குடும்பங்களின் பங்குக்கே வந்தது. சங்கம் வைத்து வாதாடியவர்களின் படகுகளில் ஒன்றும் கரையேறவில்லை.

ஃபார்லியின் நினைவுக்குறிப்புகள் அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2002இல் 'ஃபிஷிங் யெஸ்டர்டேஸ் கல்ஃப் கோஸ்ட்' என்ற நூலாக வந்தன. கடல் நிறைந்திருந்ததையும் பின்னர் வற்றியதையும் ஒரே ஆயுளில் கண்டவரின் சாட்சியம் அது. ஃபார்லி பட்டறையை ஊரின் அருங்காட்சியகச் சங்கம் 2011 முதல் மீண்டும் நடத்திவருகிறது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் ஊரைச் சிதைத்தது, செதில்கள் தப்பின. இன்றும் விடியலில் வழிகாட்டிகள் கற்சுவரோரம் படகை நிறுத்துகிறார்கள். விருந்தினருக்கு நாளொன்றுக்கு மூன்று ரெட்ஃபிஷ் வரை கரைக்குக் கொண்டுவர அனுமதி உண்டு. டார்பன் சிறிது சிறிதாகத் திரும்பி வருகிறது. சிக்கினால் பெரும்பாலும் படகோரத்திலேயே முள்ளைக் கழற்றி விட்டுவிடுகிறார்கள்.