ஏவலன் சீட்டு: ஒரு குறியீட்டின் சமூக வரலாறு

தாரொட் சீட்டுக்கட்டிலுள்ள 78 சீட்டுக்களுள் 16 அவைச்சீட்டுக்கள் ஆகும். கிண்ணம், நாணயம், வாள், கோல் என்னும் நான்கு இனங்களிலும் அரசன், அரசி, குதிரைவீரன், ஏவலன் என நால்வர் இடம்பெறுவர். குறிசொல்வோருக்கு ஏவலன் இளமையினதும் புதுச்செய்தியினதும் குறியீடு. இப்பொருள் அநாதியானதென்று கொள்வோர் பலர். அது எப்பொழுது, எவரால் ஏற்றப்பட்டது என்பதே நமது வினாவாகும்.

ஐரோப்பியச் சீட்டுக்கட்டு 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மம்லூக் எகிப்திலிருந்து சென்றது என்பதை இஸ்தான்புல் தொப்காப்பி அரண்மனையிலுள்ள கட்டு உணர்த்துகின்றது. அதில் அரசன், நாயிப் எனப்படும் பதிலாளன், இரண்டாம் பதிலாளன் என மூவரே உளர். மனித உருவங்கள் இல்லை, பதவிப்பெயர்கள் மட்டுமே எழுதப்பட்டுள்ளன. அரசிக்கு அங்கு இடமில்லை. அடிமைகளாக வாங்கப்பட்ட போர்வீரர் ஆட்சியாளராகிய சமூகம் அது; பதவிப்படிகள் அங்கு எவ்வளவு கருத்திற்குரியனவாய் இருந்தன என்று விளக்க வேண்டியதில்லை.

இத்தாலியில் கடைநிலைப் பதிலாளனின் இடத்தைப் பெற்றவன் 'பந்தே'. காலாட்படை வீரன், பணியாள் என்னும் இரு பொருளையும் அச்சொல் தரும். 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மிலான் பிரபுகளுக்காகப் பொன் தகடு பதித்துத் தீட்டப்பட்ட விஸ்கொந்தி-ஸ்பொர்சா கட்டிலே அவனும் பொற்பின்னணியில் நிற்கின்றான். 1450இல் மிலானின் கோமகனான பிரான்செஸ்கோ ஸ்பொர்சா கூலிப்படைத் தலைவனாக இருந்து உயர்ந்தவன் என்பதும் நினைவுகூரத்தக்கது. ஆட்டத்தில் ஏவலன் பத்து எண்சீட்டுக்களையும் வெல்வான், குதிரைவீரனிடம் தோற்பான். நிலமானிய அவையின் படிநிலை இவ்விதியிலேயே அடங்கியுள்ளது. இதற்கு மறைபொருள் எதுவும் வேண்டியதில்லை.

இவ்விடத்து நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. கிண்ணம் குருமாரையும் வாள் பிரபுக்களையும் நாணயம் வணிகரையும் கோல் உழவரையும் குறிக்கும் என்னும் விளக்கம் முற்போக்காளரை எளிதில் கவரும். ஆயின் மம்லூக் கட்டிலே கோல் என்பது போலோ ஆட்டத்தின் மட்டை. அவ்வாட்டத்தை அறியாத ஐரோப்பியர் அதனைத் தடியாக்கினர். உழவனுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அன்றியும், இத்தகைய வகுப்பு விளக்கத்தைத் தாரொட்டுக்கு அளித்தவர் கூர் த ஜெபலின். 1781இல் இச்சீட்டுக்கள் பண்டைய எகிப்தியரின் ஞானநூல் என்று எழுதியவரும் அவரே. எகிப்திய எழுத்துக்களைச் சம்பொல்லியன் வாசித்தறிந்ததோ 1822இல். வர்க்கம் என்ற சொல் இருப்பதனாலேயே ஒரு விளக்கம் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் ஆகிவிடாது. தாரொட் முதலில் ஓர் ஆட்டமே என்பதை மைக்கல் டம்மெற் 1980இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக நிறுவியுள்ளது. அவர் மார்க்சியவாதியல்லர், எனினும் பொருளை அதன் பயன்பாட்டிலே தேடிய அவர்முறை நமக்கு உகந்தது.

வர்க்கப் போராட்டம் சீட்டுக்கட்டினுள் உண்மையாகவே நுழைந்த தருணம் ஒன்றுண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793ஆம் ஆண்டளவில், அரச சின்னங்கள் சாதாரணச் சீட்டுக்களிலிருந்தும் அகற்றப்பட்டன. அக்காலத்து வெளியான ஒரு கட்டிலே அரசருக்குப் பதிலாக மேதைமைகளும் அரசியருக்குப் பதிலாகச் சுதந்திரங்களும் ஏவலருக்குப் பதிலாகச் சமத்துவங்களும் அமைந்தன. ஏவல் செய்தவனின் இடத்திலே சமத்துவம்! பேரரசு வந்ததும் அரசரும் ஏவலரும் மீண்டனர்.

குறிசொல்வோர் இன்று பெரிதும் கையாளும் கட்டு 1909இல் இலண்டனில் வெளியானது. வெயிற் என்பார் நெறிப்படுத்த, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்தது. ஆங்கிலத்தில் ஏவலனைக் குறித்த 'நேவ்' என்ற சொல் அதற்குள் கயவன் என்று இழிந்திருந்தது. உழைப்போரைக் குறித்த சொற்கள் பலவற்றிற்கு நேர்ந்த கதிதான். வெயிற் கட்டிலே அவன் 'பேஜ்', அதாவது அரசவையில் பயிலும் உயர்குடிச் சிறுவன். கிண்ணத்து ஏவலன் பூவேலை ஆடையணிந்து கடற்கரையில் நிற்கின்றான். கிண்ணத்திலிருந்து ஒரு மீன் தலைநீட்டி அவனை நோக்குகின்றது. அவன் கற்பனையில் ஆழ்ந்துள்ளானாம். அக்கிண்ணத்தை அவன் யாருக்கு ஏந்திச் சென்றான் என்பது படத்தில் இல்லை.